சூட்கேஸை யார் தூக்குவது?

போன இதழில் 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' என்ற அமெரிக்க காமெடித் தொடரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதித் தொலைத்தேன். ஊரிலுள்ள தம்பதிகள் எல்லாம் பேனாவும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். கிரிக்கெட், குருப்பெயர்ச்சி, முருங்கைக்காய் விலை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்தருள்க.

கே: டி.வி. காமெடித் தொடர்களில் கணவன்மார்கள் ஏன் வாயைத் திறந்தாலே பொய் சொல்கிறார்கள்?
— புது மாப்பிள்ளை, பொள்ளாச்சி

ப: அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போகக் கையில் மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். 'ஆமாம்மா, உன் பிறந்தநாளை மறந்துட்டேன்' என்று முதல் நிமிடத்திலேயே ஒப்புக்கொண்டால் மீதி 21 நிமிடத்துக்கு எதைக் காட்டுவது, வானிலை அறிக்கையையா? எனவே மூன்றாவது நிமிடத்தில் ஒரு பொய், பத்தாவதில் அதை மூட இன்னொன்று, பதினெட்டில் கையும் களவுமாகப் பிடிபடல், இருபதில் சோபாவில் சமாதானம். உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் அந்த இருபதாவது நிமிடம் வர இருபது நாளும் ஆகலாம் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கே: நகைச்சுவை உணர்வு என்றால் என்ன? சிறு குறிப்பு வரைக.
— தமிழாசிரியர், தாராபுரம்

ப: எத்தனை மதிப்பெண்ணுக்கு?

கே: அந்த ரேமண்ட் தொடரில் அப்படி என்னதான் இருக்கிறது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.
— இல்லத்தரசி, ஈரோடு

ப: கேட்டீர்கள், அனுபவியுங்கள். ரே பரோன் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவன். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வீடு. மனைவி டெப்ரா, மூன்று குழந்தைகள். எதிர்வீட்டில் அப்பா ஃபிராங்க், அம்மா மேரி, அண்ணன் ராபர்ட். இவர்கள் யாருக்கும் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. இவ்வளவுதான் முதலீடு. இதை வைத்துக்கொண்டு 1996 முதல் 2005 வரை 210 எபிசோடு ஓட்டினார்கள். கொலை இல்லை, கடத்தல் இல்லை, கோமா இல்லை, இரட்டைப் பிறவி வில்லி இல்லை. (மூன்று குழந்தைகளில் இரண்டு இரட்டையர்தான், ஆனால் பாவம், பழிவாங்க வரவில்லை.)

2003-ல் வந்த எபிசோடு ஒன்று போதும். கணவனும் மனைவியும் வெளியூர் போய்த் திரும்புகிறார்கள். சூட்கேஸ் மாடிப்படி திரும்பும் இடத்தில் நிற்கிறது. 'அவள் எடுத்துப் போகட்டும்' என்று இவன். 'ஒரு தடவையாவது அவன் எடுத்துப் போகட்டும்' என்று அவள். வாய் திறந்து யாரும் கேட்கவில்லை. மூன்று வாரம்! இருவரும் அதைத் தாண்டித் தாண்டி மாடி ஏறி இறங்குகிறார்கள். எடு என்று சொல்லமாட்டான் நம் ஆள். அதற்குப் பதில், நாறும் பாலாடைக்கட்டியை உள்ளே போட்டு மூடிவைக்கிறான், நாற்றம் தாங்காமல் அவளே தூக்கட்டும் என்று. இந்த அளவு மூளையை அவன் வேலையில் காட்டியிருந்தால் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆகியிருப்பான்.

இங்கே பொய் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனியுங்கள். ஆனாலும் மூன்று வாரமாக இருவரும் பொய்யாகவே வாழ்கிறார்கள். சூட்கேஸ் கண்ணிலேயே படாத மாதிரி! கடைசியில் முடிச்சை அவிழ்ப்பவள் மாமியார் மேரி. தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பிரம்மாண்டமான மரக்கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் பின்னால் ஒரு பழைய சண்டை இருப்பதை மருமகளிடம் சொல்கிறாள். அது தீராமல் போய், சுவரிலேயே தங்கிவிட்டது. உனக்கு இந்தச் சூட்கேஸ் அப்படி ஆகிவிட வேண்டாம் என்கிறாள். சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அங்கே தொண்டை அடைத்தது. எழுதிய டக்கர் காலிக்கு அந்த ஆண்டு எம்மி விருது கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் நான் இங்கிருந்தே கண்டனத் தீர்மானம் போட்டிருப்பேன்.

இதெல்லாம் எங்கே கிடைத்தது என்கிறீர்களா? தொடரை உருவாக்கிய ஃபில் ரோசந்தால் தன் எழுத்தாளர்கள் வீட்டுச் சண்டைகளையே கச்சாப் பொருளாக எடுத்துக்கொண்டார். ராத்திரி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் காலையில் ஆபீஸில் அதைச் சொன்னால் சம்பளம். நமக்கெல்லாம் அந்தத் திட்டுகள் வீணாகத்தான் போகின்றன.

கே: அந்தத் தொடரில் உங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எது?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

ப: மேரியின் அடுப்பில் இருப்பது.

கே: விளையாடாதீர்கள். நடிகர்களில் சொல்லுங்கள்.
— அதே மாணவி, அதே காரைக்குடி, அடுத்த தபாலில்

ப: சந்தேகமில்லாமல் அண்ணன் ராபர்ட். ஆறடி எட்டு அங்குல உயரத்தில் பிராட் காரெட். போலீஸ்காரன். உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தம்பி எழுதிய கட்டுரையை அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். தொடரின் தலைப்பே அந்த அண்ணனின் வயிற்றெரிச்சல்தான்: எல்லாருக்கும் ரேமண்டைத்தான் பிடிக்கும். கதாநாயகன் ரே ரோமானோவின் நிஜ அண்ணனும் நியூயார்க் போலீஸ்காரர், அந்த வாக்கியமும் அவருடையதுதான் என்கிறார்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் வீட்டுக்கு மூத்த பிள்ளை. கடைக்குட்டிகள் விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கே: அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன பரிசு வாங்கலாம்?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: மாதாமாதம் வீடு தேடி வரும் பழக்கூடை மட்டும் வேண்டாம். ரேமண்டின் முதல் எபிசோடில் ரே அதைத்தான் பரிசளிக்கிறான். 'இத்தனை பழத்தை நான் என்ன செய்வேன்' என்று மேரி போட்ட கூச்சலைப் பார்த்தால் மகன் குண்டு அனுப்பிவிட்டான் என்று நினைப்பீர்கள். இது ரோசந்தால் வீட்டில் நிஜமாகவே நடந்தது. உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்தால் மனைவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, 'நானே தேர்ந்தெடுத்தேன்' என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் அடி விழும்.

கே: கணவன் மனைவிக்குள் நூற்றுக்கு நூறு உண்மை பேசினால் என்ன ஆகும்?
— சத்தியசந்தன் (புனைபெயர்), சத்தியமங்கலம்

ப: நூறு டாலர் கிடைக்கும். 1953 நவம்பரில் ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' எபிசோடில் கணவன் ரிக்கியும் வீட்டு உரிமையாளர் தம்பதி ஃபிரெட், எத்தலும் லூசியிடம் பந்தயம் கட்டுகிறார்கள்: 24 மணி நேரம் உன்னால் பொய் சொல்லாமல் இருக்க முடியாது. முடியும் என்கிறாள். சீட்டாடப் போன இடத்தில் தோழிகளுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. உன் நிஜ வயது என்ன? 33. எடை? 129 பவுண்டு. தலைமுடியின் அசல் நிறம்? மங்கிய பழுப்பு. ஒவ்வொரு பதிலும் பல் பிடுங்குகிற மாதிரி வெளியே வருகிறது. அப்புறம்தான் வேடிக்கை. உண்மை என்பது இருபுறமும் கூரானது என்று லூசிக்கு உறைக்கிறது. அவள் மற்றவர்களைப் பற்றிய உண்மைகளைப் பேச ஆரம்பித்ததும், பந்தயம் கட்டியவர்களுக்கே ஏண்டா கட்டினோம் என்று ஆகிவிடுகிறது. கடைசியில் கத்தி எறியும் வித்தைக்காரனுக்கு முன்னால் பலகையோடு பலகையாக நிற்கிறாள். உண்மை பேசுகிறவர்கள் பொதுவாக நிற்கும் இடம் அதுதான்.

கே: ஆனால் லூசியும் அந்தக் கணவனும் நிஜத்தில் விவாகரத்து செய்துகொண்டவர்கள்தானே? திரையில் காட்டிய அன்பெல்லாம் வெறும் நடிப்பு என்றுதானே ஆகிறது?
— வழக்கறிஞர், மதுரை

ப: குறுக்கு விசாரணைக்கு நேர்ப் பதில் சொல்கிறேன், கேலி இல்லாமல்.

லூசியாக நடித்த லூசில் பாலும் ரிக்கியாக நடித்த டெசி அர்னாஸும் 1940 நவம்பரில் மணந்தார்கள். தொலைக்காட்சித் தொடருக்கு அவளை அழைத்தபோது, என் புருஷன்தான் எனக்குப் புருஷனாக நடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கியூபாக்காரன், பேச்சில் ஸ்பானிஷ் வாடை, அமெரிக்க ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று சி.பி.எஸ். தொலைக்காட்சி தயங்கியது. இருவரும் 1950-ல் ஊர் ஊராக மேடையேறி, ஜனங்கள் ஏற்கிறார்களா இல்லையா என்று நடித்தே காட்டினார்கள். அவள் தனியாகப் போயிருந்தால் வேலை சுலபமாகக் கிடைத்திருக்கும்.

அவன் முறை 1953 செப்டம்பரில் வந்தது. கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த காலம். 1936-ல் வாக்காளர் பதிவில் லூசி தன்னைக் கம்யூனிஸ்ட் என்று குறிப்பிட்டிருந்த செய்தி வெளியே வந்தது. தாத்தாவைச் சந்தோஷப்படுத்தச் செய்தேன் என்றாள். அந்த ஆண்டுகளில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் நடிகர்கள் வேலை இழந்து நடுத்தெருவில் நின்றார்கள். படப்பிடிப்பு நாளன்று டெசி பார்வையாளர்கள் முன் வந்து நின்றான். எதையும் மழுப்பவில்லை. நடந்ததைச் சொன்னான். பிறகு, லூசியிடம் சிவப்பு என்று இருப்பது தலைமுடி ஒன்றுதான், அதுவும் அசல் இல்லை என்றான். கூட்டம் எழுந்து கைதட்டியது. இரண்டு மாதம் கழித்து அதே தலைமுடியின் அசல் நிறத்தை அவளே தொடரில் ஒப்புக்கொண்டதை மேலே எழுதியிருக்கிறேன், சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

1960-ல் பிரிந்தார்கள். அவன் குடித்தான், வேறு பெண்களிடம் போனான். கடைசி நிகழ்ச்சியின் படப்பிடிப்பு முடிந்த மறுநாளே அவள் மனு போட்டாள். வழக்கறிஞர் ஐயா, பின்னால் வந்த தீர்ப்பு முன்னால் நடந்த எல்லாவற்றையும் ரத்து செய்யும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஆபத்து வந்தபோது அவன் அவள் பக்கம் நின்றான். அதற்கு முன்பே அவள் அவனுக்காக நின்றிருந்தாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

கே: வெளிநாட்டுத் தொடர்களில் பின்னால் 'ஹா ஹா' என்று சிரிப்புச் சத்தம் வருகிறதே, ஏன்?
— பஸ் நடத்துனர், நாகர்கோவில்

ப: இதைக் கேட்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். சி.பி.எஸ். ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் 1950-களில் பலவகைச் சிரிப்புகளைப் பதிவு செய்து ஒரு பெட்டிக்குள் அடைத்தார். பொத்தானை அழுத்தினால் கெக்கே பிக்கே. அன்றிலிருந்து சிரிப்பே வராத நகைச்சுவைக்கெல்லாம் இறந்துபோனவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். லூசியும் ரேமண்டும் ஜாதி வேறு. உயிருள்ள ஜனங்களை உட்காரவைத்து எடுத்தவை.

கே: மனைவி தன் சக்தியை அடக்கிக்கொண்டு கணவனுக்கு அனுசரணையாக இருக்க வேண்டும் என்று 'பிவிட்ச்டு' தொடர் சொல்கிறது. சரிதானே?
— ஓய்வுபெற்ற தாசில்தார், திருவாரூர்

ப: தாசில்தாருக்குத் தொடர் பிடித்ததில் ஆச்சரியமில்லை, எல்லாருக்கும் கட்டுப்பாடு விதிப்பதுதானே அதன் கதை. 1964-ல் தொடங்கியது. சமந்தா சூனியக்காரி. தேனிலவிலேயே கணவனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறாள். நேர்மையில் அவளுக்கு முழு மதிப்பெண். விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன் டேரின் என்ன செய்கிறான்? இனிமேல் மந்திரம் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று வாக்குறுதி வாங்குகிறான். உண்மை சொன்னவளை எட்டு சீசன் பொய் சொல்ல வைத்தவன் அவன். அவளோ மூக்கை ஒரு அசைப்பு அசைத்தால் பாத்திரம் எல்லாம் தானே கழுவிக்கொள்ளும். அதை வேண்டாம் என்கிற ஆண் மகன் என்னைப் பொறுத்தவரை வைத்தியம் பார்க்கப்பட வேண்டியவன்.

இன்னொரு விசேஷம். டேரினாக நடித்த டிக் யார்க்குக் கடுமையான முதுகுவலி. 1969-ல் அவர் விலக, டிக் சார்ஜென்ட் என்ற இன்னொரு டிக் வந்து அதே வீட்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கதையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை! ஆபீஸ் முதலாளி கேட்கவில்லை. ஜன்னல் வழியே சதா வேவு பார்க்கும் எதிர்வீட்டு கிளாடிஸ் அம்மாள், பல்லி நகர்ந்தால்கூடப் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள், எதிரே புருஷனே மாறியதைக் கவனிக்கவில்லை. மாமியார் எண்டோரா மட்டும் நிம்மதியாக இருந்தாள். அவள் பழைய மாப்பிள்ளையின் பெயரையும் பெரும்பாலும் சரியாகச் சொன்னதில்லை, புதியவர் பெயரையும் அப்படித்தான். அனுசரணை, அனுசரணை என்கிறீர்களே, ஆளே மாறியும் முகம் சுளிக்காத சமந்தாவுக்கு மேலே இன்னும் என்ன அனுசரணை வேண்டும்?

கே: அந்தக் காலத் தொடர்களில் தம்பதிகள் எவ்வளவு ஒற்றுமை! இப்போது எல்லாம் கெட்டுவிட்டது.
— மூத்த குடிமகன், மயிலாடுதுறை

ப: 1955-ல் வந்த 'தி ஹனிமூனர்ஸ்' அந்தக் காலம்தானே? பஸ் டிரைவர் ரால்ஃப் வாராவாரம் மனைவி ஆலிஸ் முகத்துக்கு நேரே முஷ்டியை ஓங்கி, நிலாவுக்கே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவான். ஒரு தடவையும் அடித்ததில்லை, ஆலிஸ் பயந்ததும் இல்லை, கடைசியில் கட்டிக்கொள்வார்கள். எல்லாம் சரி. ஓங்கிய கையைப் பார்த்து ஒரு தேசமே சிரித்ததே, அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை.

கே: கணவரின் மேலதிகாரி விக் வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னார். வாய் துறுதுறுக்கிறது.
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

ப: 'டிக் வான் டைக் ஷோ'வில் 1965-ல் லாரா இதையேதான் செய்தாள், அதுவும் டி.வி. நிகழ்ச்சியில். கணவனின் முதலாளி ஆலன் பிரேடிக்கு வழுக்கை என்று ஊருக்கே தெரிந்துபோனது. பிறகு அவளே போய் முதலாளி முன் நின்றாள். அவர் தன் விக்குகளை மேஜையில் வரிசையாக வைத்து, அவற்றோடு பேசிக்கொண்டிருந்தார். லாராவுக்காக எழுத இரண்டு அருமையான எழுத்தாளர்கள் இருந்ததால் எம்மி விருது கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்கப்போவது கணவரின் இடமாற்ற உத்தரவு.

கே: ரேமண்டை மற்ற நாடுகளில் எடுத்திருக்கிறார்களா?
— துணிக்கடை உரிமையாளர், திருப்பூர்

ப: துணிக்கடைக்காரர் சரியான இடத்தில் கேட்டீர்கள். 2015-ல் ஸ்டார் பிளஸ்ஸில் 'சுமித் சம்பால் லேகா' என்று இந்தியில் வந்தது. அதற்கு முன்பே 2009-ல் ரஷ்யாவில். அங்கே யோசனை சொல்ல ரோசந்தால் மாஸ்கோவுக்குப் போய், பட்ட பாட்டை 'எக்ஸ்போர்ட்டிங் ரேமண்ட்' என்று ஆவணப்படமாகவே எடுத்துவிட்டார். அதில் ஆடை வடிவமைப்பாளர் அம்மையார் ஒருவர் வருகிறார். வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் மனைவிக்கும் நவநாகரிக உடைதான் உடுத்துவேன் என்கிறார். வீட்டு வேலை செய்கிறவள் அப்படி உடுத்தமாட்டாளே என்று ரோசந்தால் தலையால் தண்ணீர் குடிக்கிறார். அம்மையார் அசையவில்லை.

இவர் மாஸ்கோவில் கஷ்டப்பட்டதற்குச் சென்னை வந்திருக்கலாம். பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாகத் தூங்கி, தலை கலையாமல் எழுந்திருக்கும் நம் மெகா சீரியல் மருமகள்களைப் பார்த்திருந்தால் அந்த ரஷ்ய அம்மையாரை எளிமையின் சிகரம் என்று கொண்டாடியிருப்பார். கடைசியில் ரஷ்யத் தொடர் அமோக வெற்றி, அசலைவிட அதிக எபிசோடுகள் ஓடியது.

கே: தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா?
— தீவிர வாசகர், திண்டிவனம்

ப: நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. ஜெயித்தது ரமணிதான்.

கே: என் கணவர் பொய் பேசாதவர், குடிக்காதவர், சம்பளத்தை அப்படியே கொடுப்பவர். ஆனால் அவர் அம்மா என் சமையலையோ என் பிறந்த வீட்டையோ குத்திப் பேசும்போது மட்டும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். பிறகு தனியாக வந்து, 'நீ சொல்றதுதான் நியாயம்' என்பார். இவரை நல்ல கணவர் என்று சொல்லலாமா?
— ஒரு மருமகள், மன்னார்குடி

ப: சகோதரி, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரேமண்ட் வீட்டிலும் இதுதான் நோய். அவனுடைய சில்லறைப் பொய்களை டெப்ரா மன்னித்துவிடுகிறாள். மேரி மீட்பால் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வந்து மசாலா புட்டியின் லேபிளை மாற்றி ஒட்டியதைக்கூட அவளால் தாங்க முடிகிறது. எதிரி எதிரிபோல நடந்துகொண்டால் அதில் ஏமாற்றம் எங்கே? அவளுக்குத் தாங்காதது, பக்கத்தில் நிற்கவேண்டியவன் ஒரு ஜோக் அடித்துவிட்டு நழுவுவது. தனியாக வந்து சொல்லும் நியாயத்துக்கு அவனுக்குச் செலவு ஒன்றுமில்லை. அம்மா எதிரில் சொன்னால்தான் விலை.

அந்தத் தொடர் அவனைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் ஒன்பது சீசன் ஓடியிருக்காது. ஒவ்வொரு வாரமும் பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், அது அவர்கள் வசதி. உங்கள் வீட்டில் கணக்கு சேர்ந்துகொண்டே போகும். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அம்மாவோடு சண்டை போடச் சொல்லாதீர்கள், அவரால் முடியாது, உங்களுக்கும் அது வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் கேளுங்கள்: 'அம்மா, அவளை அப்படிச் சொல்லாதே, எனக்குக் கஷ்டமா இருக்கு.' அவ்வளவுதான். எனக்கு என்பதுதான் அதில் முக்கியம், உங்களுக்காக என்று அவர் சொல்லக் கூடாது. நேரம் பார்த்து, கோபம் இல்லாத நாளில் கேளுங்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர் விரிக்கும் பேப்பருக்குள் வைத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

கே: மனைவி ஒரு விஷயத்தைக் கணவனிடம் மறைக்கலாமா, கூடாதா? ஒரே வரியில்.
— அவசரக்காரர், அரியலூர்

ப: ஒரே வரியில் முடியாது. 2005 மே 16 அன்று வந்த ரேமண்டின் கடைசி எபிசோடில் ரேவுக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டில் சின்ன அறுவை சிகிச்சை. மயக்கம் தெளிவிப்பதில் சிரமம் என்று நர்ஸ் வந்து சொல்கிறாள். அரை நிமிடம்தான். பிறகு டாக்டர் வந்து, ஒன்றுமில்லை என்கிறார். அந்த அரை நிமிடத்தில் டெப்ராவின் முகம், எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கும் ஃபிராங்கின் முகம், தம்பியைச் சபித்துக்கொண்டே இருந்த ராபர்ட்டின் முகம், மூன்றையும் பாருங்கள். ரேவிடமும் மேரியிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்கிறார்கள். ரகசியம் நிற்கவில்லை, அந்த வீட்டில் எது நின்றது? ஒன்பது வருடம் பொய்யை வைத்தே பிழைத்த தொடர், கடைசியில் சொன்னது இந்த ஒரு பொய்தான். அதில் எனக்குக் குற்றம் காணத் தோன்றவில்லை. மூத்த பிள்ளை ராபர்ட்டே மறைத்தான் என்னும்போது நான் யார்?

கே: இத்தனை தொடர் பார்க்க உங்களுக்கு எங்கிருந்து நேரம் கிடைக்கிறது?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வேலூர்

ப: ராத்திரி ஹாலில் டி.வி. வெளிச்சம் தெரிந்தபோது வீட்டிலும் இதே கேள்வி வந்தது. ஆபீஸ் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேலூரில் எங்களுக்கு உறவினர் உண்டு, வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.